இருபத்தேழாம் பெட்டியின் பிடிவாதம்

2019ஆம் ஆண்டு பிப்ரவரி 23, சனிக்கிழமை. ட்ரூரோ நகரில் வசிக்கும் லோர்ன் கில்லிஸின் குறை இதுதான்: அவர் வீட்டுத் தொலைக்காட்சி, அவரைக் கேளாமலே சேனலை மாற்றுகிறது.

கிறிஸ்துமஸுக்கு மருமகன் ரேயால் வண்ணக் காகிதம் சுற்றிக் கொடுத்த செட்டாப் பெட்டி வந்த நாள்முதல் இந்தக் கூத்து. செய்தி பார்த்தால் கார்ட்டூனுக்குத் தாவும். ஒலியைக் குறைத்தால் கூட்டும். லோர்ன் பொறுத்தார். இன்று பொறுப்பதற்கில்லை. மகள் மொய்ரா மாகாணக் கர்லிங் இறுதியாட்டத்தில் ஆடுகிறாள். ஆட்டம் சமநிலை, கடைசிக் கல் அவளுடையது. பனித்தளத்தில் மண்டியிட்டுக் கல்லை வழுக்கவிட்டாள். தோழியர் இருவர் கல்லுக்கு முன்னே துடைப்பத்தால் பனியைத் தேய்த்துக்கொண்டு ஓடினர். கல் இலக்கு வட்டத்தை நெருங்கியது.

திரையில் ஒருவர் வெங்காயம் நறுக்கினார்.

ரிமோட்டில், ஆட்டம் வரும் முப்பத்தொன்றை அழுத்தினார். கண் நிலைகொள்ளுமுன் வெங்காயம் மீண்டது. ஆத்திரத்துடன் ரேயாலைத் தொலைபேசியில் அழைத்தார்.

மனைவி ஆடும் நாளிலும் ரேயாலுக்கு டார்ட்மவுத்தில் வேலை. செட்டாப் பெட்டிகளைச் சோதிக்கும் கூடம் அது. கணினி நிரல் ஒன்று வலைப்பின்னல் வழியே பெட்டிகளுக்குக் கட்டளையிடும்; திரையில் வரும் படத்தையும் அதுவே சரிபார்க்கும். பெட்டியின் முகத்தைப் பார்க்க நாற்காலியைவிட்டு எவரும் எழுவதில்லை.

“மாப்ள, ஒன் பொட்டிக்குப் பேய் புடிச்சிருக்கு!”

“அப்புறம் பேசறேன் மாமா. இங்க இருபத்தேழாம் நம்பர் பாக்ஸ் ரெண்டு மாசமா என் உயிர வாங்குது. சமையல் சேனலுக்குப் போன்னா முப்பத்தொண்ணுக்கு ஓடுது, சனியன்.”

“சமையலா? வெங்காயமா?”

ரேயால் இருபத்தேழின் சோதனைப் பதிவைத் திறந்தான்.

“மாமா… அந்த ரிமோட்டக் கொஞ்சம் கீழ வைங்க.”

“வச்சாச்சு.”

“இருபத்தேழு சோதனையில தேறிடுச்சு!”

“அடப்பாவி! புதுப் பொட்டின்னுதானே குடுத்த?”

“புதுசுதான் மாமா. ஒரு வருஷம் இங்க அலமாரியில ஒக்காந்திருந்துச்சு, அவ்ளோதான்.”

கழித்த பெட்டியை ஊழியர் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். சோதனையிலிருந்து விடுவித்த பின்னரே எடுக்க வேண்டும் என்பது விதி. இருபத்தேழாம் பெட்டியை ரேயால் எடுத்தான்; விடுவிக்கவில்லை; நிரல் லோர்ன் வீட்டிலும் அதற்குக் கட்டளையிட்டது. இப்போதுதான் விடுவித்தான். திரையில் ஆட்டம் திரும்பியது. இரு அணியினரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தனர். மொய்ரா வென்றிருந்தாள். உடனே விளம்பரம், ஒளிபரப்பு முடிந்தது.

சற்று நேரத்தில் அவளே அழைத்தாள்.

“அப்பா! கடைசிக் கல்லப் பாத்தீங்களா?”



“பாக்காமயா? கண்ணுல தண்ணியே வந்துடுச்சும்மா.”

“நாளைக்குச் சாப்பிட வரேன். எப்படி வளைஞ்சு போச்சுன்னு நீங்க சொல்லணும், நான் கேக்கணும்! அவரும் பாத்திருப்பாருல்ல?”

எனவே வாசகரே, அந்தக் கல் எப்பக்கம் வளைந்து எங்கே நின்றது என்பதை நீர் கண்டிருந்தால், ஞாயிறு மதியத்துக்குள் லோர்னுக்கும் ரேயாலுக்கும் தெரிவியும். பிழையின்றித் தெரிவியும், அவள் குறுக்குக் கேள்வி கேட்பாள்.