ஞாயிற்றுச் சோற்றுக்காரர்கள்

ஹட்டன் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் லெட்சுமணன் முதலில் முடிவெடுப்பார், பிறகுதான் அடுத்தவர்களிடம் யோசனை கேட்பார். ரத்னாவை அவர் கூப்பிட்டு அனுப்பியதும் அப்படித்தான்.

'ஞாயிற்றுச் சோறு' அவர் தொடங்கி வைத்தது. டீசல் இல்லாமல் பஸ்கள் நின்றுபோன வருடத்தில், டிக்கோயா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களுக்குத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து சாப்பாடு கொண்டுவர வழியில்லாமல் போயிற்று. லெட்சுமணனும் பக்கத்துக் கடைக்காரர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றுப் பொதி கட்டிக்கொண்டு போனார்கள். பஸ் திரும்ப ஓடத் தொடங்கியும் பொதி நிற்கவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து ஆட்கள் காய்கறியோடு வந்து சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே படிப்பிக்கும் ஆசிரியைகள் வந்தார்கள். பேக்கரி நடத்தும் சிங்களக் குடும்பம் வந்தது. இப்போதெல்லாம் ஞாயிறு காலையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கோயில் மண்டபத்துச் சமையல்கட்டு கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

"இத்தனை பேரு எதுக்கும்மா அல்லாடணும்?" என்றார் லெட்சுமணன். "லிந்துலையில இருந்தெல்லாம் விடியறதுக்குள்ள பஸ் ஏறி வர்றாங்க. அவங்களுக்குக் கிடைக்கிறதே அந்த ஒரு நாள் லீவுதான். சமையலை யாராவது கேட்டரிங்காரர்கிட்ட விட்டுட்டா, எல்லாரும் முடிஞ்சதைக் காசா குடுத்துட்டு வீட்டுல கால் நீட்டி உக்காரலாம். எல்லாருக்கும் அதுதான் விருப்பம். ஆனா நான் கேட்டா, மொதலாளி சொல்றாரேன்னு தலையாட்டுவாங்க. நீங்க ஒரு சர்வே எடுத்துக் குடுங்க. இதுல யாரு யாரு இருக்காங்க, என்ன நெனைக்கிறாங்கன்னு தெரியட்டும்."

ரத்னா டிக்கோயாவில் பிறந்தவள், சமூகவியல் படித்தவள். கொழும்புக் கம்பெனிகளுக்காகச் சவர்க்காரம் பற்றியும் போன் பற்றியும் வீடு வீடாகக் கேள்வி கேட்பதுதான் அவள் தொழில். முதல் தடவையாக ஒரு நல்ல காரியத்தைப் பற்றிக் கேட்கக் கிடைத்திருக்கிறது. உற்சாகத்தில் மூன்று பக்கத்துக்குக் கேள்விகள் எழுதினாள். பெயர் என்ன, வருமானம் எவ்வளவு, என்ன கொடுக்கிறீர்கள், ஏன் கொடுக்கிறீர்கள்.

டவுனில் சிக்கல் வரவில்லை. கடைக்காரர்கள் புண்ணியம் என்றார்கள், தேநீர் கொடுத்தார்கள், கையெழுத்தும் போட்டார்கள். லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்தில்தான் வண்டி சறுக்கியது.

அங்கே ஞாயிற்றுச் சோற்றுக்கு ஆள் திரட்டுகிறவள் வீரம்மா. கொழுந்து பறிக்கிறவள். அவள் வாய் திறந்தால் லயத்து வரிசையின் அந்தக் கடைசிக் காம்பிரா வீடு வரை கேட்கும். ரத்னாவை உட்காரவைத்து, பிளேன்டீ கொடுத்து, தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"வருமானத்தையும் குடுக்கறதையும் ஒரே தாள்ல எழுதச் சொல்றீங்களே புள்ள. இது எங்க போகும்?"

"எங்கயும் போகாதுக்கா. எங்க வேலைக்கு மட்டுந்தான்."

"இன்னைக்கு அப்படித்தான் சொல்வீங்க. நாளைக்கு யாராச்சும் பாத்து, 'ஓ, தானம் பண்ற அளவுக்கு இவங்களுக்கு வசதி இருக்கு'ன்னு அரசாங்கத்துல வர்ற உதவிய வெட்டிட்டாங்கன்னா? நாங்க குடுக்கறது தோட்டத்து ஓரத்துல வெளஞ்ச லீக்ஸு. அதுக்குப் போயி புள்ளைங்க வயித்துல மண்ணள்ளிப் போடணுமா?"

ரத்னா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வீரம்மா இன்னொரு டீ ஊற்றினாளே தவிர, பதில் எழுதவில்லை. அடுத்த லயத்துக்கு ரத்னா ஏறிப் போவதற்குள் செய்தி போனில் முந்திக்கொண்டது. கதவுகள் சாத்தியிருந்தன. உள்ளே டிவி மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

வந்த ஞாயிறு, கோயில் மண்டபம் பாதிக்கு மேல் காலி. ரத்னா ஒரு மூலையில் நின்று பார்த்தாள். யாழ்ப்பாணத்துச் சிவதர்சினி டீச்சர் தனியாக ஒரு மலை வெங்காயத்தோடு போராடிக்கொண்டிருந்தார்.

"என்ன ரத்னா, லிந்துலைப் பக்கத்து ஆக்கள் ஒருத்தரையும் காணேல்லை? எல்லாருக்கும் சுகமில்லையோ?"

ரத்னா கையிலிருந்த கேள்வித்தாள்களைப் பைக்குள் திணித்தாள். அன்று பொதிகள் குறைந்தன. ஆண்கள் வார்டின் கடைசிக் கட்டில்களுக்குப் பேக்கரிப் பணிஸ்தான் போயிற்று. "பாத்தீங்களா, இதுக்குத்தான் நான் கேட்டரிங்னு சொன்னேன்" என்றார் லெட்சுமணன். கேட்கப் போய், இருந்ததையும் கெடுத்துவிட்டோமே என்று ரத்னாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் லிந்துலை பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி யோசித்துக்கொண்டே போனாள். கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் இறங்கி வரும் வழியில் காத்து நின்று, வீரம்மாவைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்க பயந்ததுல தப்பில்ல. பேரு வேணாம், வருமானம் வேணாம். எழுதவே வேணாம்."

"எழுதாம எப்படி கேப்பீங்க?"

"ஆளுக்கொரு கொண்டைக்கடலை, ஒரு பச்சைப்பயறு. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தகர டின்னு, அதுல போட்டா போதும். யாரு எதுல போட்டாங்கன்னு போட்டவங்களுக்கும் சாமிக்கும் மட்டுந்தான் தெரியும்."

வீரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். பின்னால் வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "ஏய், ஞாயித்துக்கெழம போறோம்டி! இந்தப் புள்ள நம்மகிட்ட கடலை வெளையாட வருது!"

அந்த ஞாயிறு மண்டபம் பழையபடி நிறைந்தது. லெட்சுமணன் கடையிலிருந்து கொண்டுவந்த சேலையைத் திரையாகக் கட்டி, பின்னால் பிஸ்கட் டின்களை வைத்தாள் ரத்னா. கொண்டைக்கடலைக்கு நான்கு டின்: புண்ணியத்துக்காக வருகிறவர்களுக்கு ஒன்று, தங்களுக்கு யாரோ செய்ததைத் திருப்பிச் செய்கிறவர்களுக்கு ஒன்று, நோயாளிகளை நினைத்து மனசு கேட்காதவர்களுக்கு ஒன்று. நாலாவதை வெறுமனே இருக்கட்டும் என்றுதான் வைத்தாள்: 'இங்க வரப் பிடிக்குது.' பயறுக்கு இரண்டே டின்: காசு கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பதா, நேரில் வருவதா.

அதற்கு முன்னால் எல்லாரையும் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து நிற்கச் சொன்னாள். டவுன் கடைக்காரர்கள் ஒரு பக்கம், ஆசிரியர்கள் ஒரு பக்கம், தோட்டத்து ஆட்கள் ஒரு பக்கம். நகர்ந்து முடிந்ததும் மண்டபமே சாய்ந்த மாதிரி இருந்தது. தோட்டத்துப் பெண்கள் சுவரோரம் போதாமல் வாசல் வரை நின்றார்கள். கடைக்காரர் பக்கம் லெட்சுமணனோடு ஒரு சிலர்தான். அவர் இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"இவ்வளவு பேரா நீங்க?"

"நாங்க எப்பவும் இவ்வளவு பேருதாங்க," என்றாள் வீரம்மா. "குனிஞ்சு வெங்காயம் வெட்டிக்கிட்டிருந்தா தலை தெரியாதுல்ல."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. லெட்சுமணனும் சிரித்தார்.

டின்களை எல்லாருக்கும் முன்னால் பாயில் கவிழ்த்தார்கள். புண்ணியத்தின் குவியல் சின்னது. அந்த டின்தான் நிரம்பும் என்று லெட்சுமணன் நினைத்திருந்தார். திருப்பிச் செய்வதுதான் காரணமாக இருக்கும் என்று ரத்னா நினைத்திருந்தாள். அதிலும், மனசு கேட்காதவர்களின் டின்னிலும் ஏதோ கொஞ்சம். நாலாவது டின்னைக் கவிழ்த்தபோது கடலை பாயை விட்டு உருண்டு ஓடியது. பிடிக்கப் போன பிள்ளைகளைத் தாய்மார் அதட்டினார்கள். பெரியவர்கள் வெட்கத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், நீயுமா என்பது போல.

"ஓம், நானும் அதிலைதான் போட்டனான்," என்றார் சிவதர்சினி டீச்சர். "இஞ்ச மாற்றலாகி வந்த புதுசிலை கதைக்க ஒரு ஆளில்லை எனக்கு."

வீரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "லயத்துல இருந்து எறங்குனா நாங்க எங்க போவோம்? ஒண்ணு ஆஸ்பத்திரிக்கு, இல்ல எழவு வீட்டுக்கு. இங்க வந்தாத்தான் நாலு ஊரு கதை கேட்டு, நாலு பேரத் திட்டி, சிரிச்சு, ஒரு நல்ல காரியமும் செஞ்சோம்னு மனசு நெறஞ்சு போறோம். எங்கள வீட்டுல இருக்கச் சொல்றீங்களே!"

காசு டின்னில் பயறு உள்ளங்கைக்குக்கூடக் காணவில்லை. லெட்சுமணன் குனிந்து ஒன்றை எடுத்து விரலுக்கு நடுவில் உருட்டினார். "இதுல ஒண்ணு என்னோடது. போகட்டும். கேட்டரிங் வேணாம்." பிறகு அவருக்கே உரிய பாணியில், "இனிமே ஞாயித்துக்கெழம உங்கள ஏத்த நம்ம கடை வேன் லிந்துலைக்கு வரும். ஏற்கெனவே முடிவு பண்ணிட்டேன். உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

சம்மதத்தைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்துவிட்டது. எல்லாரும் ஓடினார்கள். பாயில் கிடந்த கடலையோடு இன்னும் நாலு படி சேர்த்து யாரோ கழுவி ஊறப்போட்டார்கள், சாயங்காலச் சுண்டலுக்கு.

லெட்சுமணன் கேட்ட அறிக்கையை எழுத ரத்னாவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. கிளம்பலாம் என்று பையை எடுத்தபோது, வீரம்மா அவள் கையில் ஒரு பெட்டி பொதிகளை வைத்தாள். "பெண்கள் வார்டு உங்களுக்கு. ஆறிப் போறதுக்குள்ள நடங்க."

இத்தனை நாள் கேட்டுத் திரிந்தாளே ஒழிய, அவள் வார்டுக்குள் போனதில்லை. முதல் கட்டிலில் இருந்த அம்மா பொதியை மடியில் வாங்கிக்கொண்டு, "இன்னைக்கு என்ன கறி மகளே?" என்று கேட்டார். ரத்னாவுக்குத் தெரியவில்லை. அவள் அடுப்புப் பக்கமே போகவில்லை.

"பிரிச்சுப் பாப்போமா?" என்றாள். இருவருமாகப் பொதியைப் பிரித்தார்கள்.