ஓரிரவுக்கான சாமான்கள்

சவர்க்காரக் கட்டியை நாலாக வெட்டி, அதில் ஒரு துண்டை, நான் வேலை செய்கிற தபால் கந்தோர்த் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தவன் அரியாலை முழுக்கத் தேடினாலும் நான் ஒருவன்தான். கடிதம் நிறுக்கிற சின்னத் தராசு அது. முத்திரை வாங்க வந்த கிழவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும். தராசு அரசாங்கத்தினுடையது, சவர்க்காரம் சங்கக்கடை வரிசையில் வெயிலில் நின்று நான் வாங்கியது. அவருக்கு என்ன வந்தது?

ஒரு துண்டு இரண்டு குளிப்புக்குத் தாராளம். ஆனையிறவு வெளியில் சோளகக் காற்று முகத்தில் அடிக்கும்போது சைக்கிள் மிதிக்கப் போகிறவன் நான்.

இந்தக் கூத்தைத் தொடக்கிவைத்தவன் கனகரத்தினம். என்னோடு படித்தவன், இப்போது கணக்கு வாத்தியார். பள்ளிக்கூட விடுமுறை வந்தால் சைக்கிளில் ஏறி எங்காவது போய் ஓரிரவு படுத்துவிட்டு மறுநாள் வருவான். இந்த ஓகஸ்டில் இரணைமடுக் குளம். சனிக்கிழமை காலை புறப்படுகிறது, இரவு குளக்கட்டில் படுக்கிறது, ஞாயிறு திரும்புகிறது. நீயும் வாவன் என்றான். அவன் வாய் மூட முன்னம் ஓம் என்றேன்.

ஏனென்றால் நான் கல்யாணம் கட்டி நாலு வருசம். எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்ணின் சீதன வீட்டுக்கு வந்து சேருவான். நானும் ஒரு தோல் பெட்டியோடு கரவெட்டியிலிருந்து வந்து சேர்ந்தேன். வீடு பத்மாசினி பேரில். கேற்றுப் பூட்டின் திறப்பு அவளுடைய தாயார் பூரணம் மாமியின் இடுப்பில். விளக்கு வைத்த கையோடு மாமி போய்க் கேற்றைப் பூட்டிவிட்டு வந்து, திறப்பைச் சேலையில் செருகிக்கொண்டு, "எல்லாரும் உள்ளைதானே?" என்று கேட்பார். எல்லாரும் என்றால் நானும் பத்மாவும்தான். "ஓம் மாமி" என்பேன். நாலு வருசமாக அதைத்தான் சொல்கிறேன். மாமி கெட்டவ இல்லை. கெட்டவவாக இருந்திருந்தால் ஒரு நல்ல சண்டை பிடித்துவிட்டு வெளிக்கிட்டிருப்பேன். புட்டுக்கு எனக்கென்று தனியாகப் பால் பிழிந்து வைக்கிற மனுசியோடு எப்படிச் சண்டை பிடிக்கிறது? வயிறு நிறைந்தது, மூச்சுத்தான் முட்டியது.

ஓரிரவு. பூட்டுச் சத்தம் கேட்காத ஓரிரவு. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சாமான் விசயத்தில் கனகரத்தினம் பொல்லாதவன். "மச்சான், கேற்றடியிலை தூக்கிப் பாக்கேக்கை எல்லாம் பஞ்சு. ஆனையிறவிலை எதிர்காத்துக்குள்ளை ஒவ்வொண்டும் கல்லு. வேணுமோ எண்டு யோசிக்க வேண்டிய சாமான் எண்டால் அது வேண்டாத சாமான்" என்றான்.

நான் யோசித்தேன். போர்வை பாரம், உடுக்கிற சாரம் போதும். சாரத்தின் ஒரு வாயைத் தைத்துவிட்டால் உள்ளே புகுந்து படுக்கலாம், நுளம்பும் காலைக் கடிக்காது. பாய்க்குப் பதில் யூரியாப் பைக்குள் இருக்கிற பொலித்தீன். அதைக் கழுவிக் காயவைத்து மடித்தால் சட்டைப்பைக்குள் போகும். தண்ணீருக்குப் போத்தல் கொண்டுபோனால் போத்தலே ஒரு பாரம், அதைக் கண்டு ஊர் சாராயம் என்று கதைக்கும். ஒரு காய்ந்த சுரைக்குடுவை எடுத்துத் துளையிட்டு வாய்க்குத் தக்கை அடைத்தேன். கையில் பிடித்தால் காற்றைப் பிடித்த மாதிரி இருந்தது. சாப்பாட்டுக்குப் புழுக்கொடியலும் பனாட்டும். இரண்டும் ஊசிப் போகாது, கரியரில் இடமும் பிடிக்காது. டோச் லைற் வேண்டாம், டைனமோ இருக்கிறது. காற்றடிக்கிற பம்பும் ஒட்டுப்போடுகிற சாமானும் மட்டும் குறைக்க முடியவில்லை. டயர் கிடைக்காத காலம், என் பின் டயரில் நூல் தெரிந்தது. சவரப் பெட்டியையும் விட மனம் வரவில்லை.

எல்லாவற்றையும் சாரத்துக்குள் சுருட்டிக் கட்டினால் ஒரு தலையணை அளவுகூட வரவில்லை. அந்த மூட்டையைத் தூக்கத் தூக்க எனக்கு உள்ளே ஏதோ கழன்று போகிற மாதிரி ஒரு சுகம்.

பிறகு மாமியிடம் சொல்லப் போனேன்.

"இரணைமடுவிலை ஆர் தம்பி செத்தது?" என்றார்.

"ஒருத்தரும் சாகேல்லை மாமி."

"அப்ப நெல்லு ஏதும் வாங்கவோ?"

"இல்லை."

"பேந்தேன் போறீர்?"

"சும்மா."

மாமி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "சும்மா ஆரும் போய்க் குளக்கட்டிலை படுப்பினமே? பெண்சாதியோடை கோவமெண்டெல்லோ ஊர் கதைக்கும்."

அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. எங்கள் ஊரில் செத்த வீட்டுக்குப் போகலாம், கலியாண வீட்டுக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம். சும்மா போக வழியில்லை. கோயில் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் ஒரு படி மேலே போனேன். பரந்தனுக்கு அங்கால் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கனவில் வந்தாரென்றும், பால் முட்டையோடு ஒருக்கால் வந்துவிட்டுப் போ என்று சொன்னாரென்றும் அளந்துவிட்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நாகதம்பிரான் எதற்குக் கூப்பிடுவார் என்று மாமிக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மாமியின் கண் நிறைந்துவிட்டது. சாமியறைக்குள் போய்க் கற்பூரம் கொளுத்தினார்.

அடுத்த நாளே ஒழுங்கை முழுக்கக் கதை போய்விட்டது. முன்வீட்டுச் செல்வநாயகி இரண்டு முட்டை கொண்டுவந்தா, மகளுடைய பேரில். கடைக்காரர் இளையதம்பி ஒரு கடதாசிச் சரை கற்பூரம். இன்னொருவர் வெள்ளியில் செய்த நாகம் ஒன்று, வாழையிலையில் சுற்றி. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி யசிந்தா அக்காகூட ஒரு முட்டையைத் தந்து, "பாம்பு எல்லாருக்கும் பாம்புதானே தம்பி" என்றா. நேர்த்தியென்று தருகிறதை எப்படி வேண்டாம் என்கிறது? சவர்க்காரத்தை நாலாக வெட்டியவனுக்கு முட்டை மட்டும் ஒரு கூடை சேர்ந்தது.

"ஒண்டையும் நிலத்திலை வைக்கக் கூடாது தம்பி. நேர்த்திப் பொருள். நிலத்திலை பட்டால் செய்ததெல்லாம் வீண்" என்று மாமி கூடையைக் கூரை வளையில் தூக்கிக் கட்டினார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசி அடி விழுந்தது. கறி வைத்துக்கொண்டே மாமி சொன்னார்: "பிள்ளைக்கு நேருறதெண்டால் புருசனும் பெண்சாதியுமெல்லோ போகவேணும். நானும் வாறன். கனிசியஸின்ரை வாடகைக் காருக்குச் சொல்லிப்போட்டன். காலமை போனால் பொழுதுபட முன்னம் வந்திடலாம்."

பொழுதுபட முன்னம். கேற்றுப் பூட்டுகிற நேரத்துக்குச் சரியாக.

போய் மாமரத்தோடு நின்ற சைக்கிளைப் பார்த்தேன். மூட்டை கரியரில் கட்டியபடி இருந்தது. அதை அவிழ்க்க மனம் வரவில்லை. விசர் பிடித்தவன் மாதிரி அதைத் தடவிக்கொண்டு நின்றேன்.

பத்மாசினி கிணற்றடியிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். "இஞ்சருங்கோ, இந்தச் சாரத்தின்ரை வாயை ஏன் தைச்சுக் கிடக்கு?"

"உள்ளை பூந்து படுக்க."

"ஒராள்தானே பூரலாம்."

"ஓம்."

"கனவு பொய்தானே?"

நான் குனிந்து பின் டயரை அமத்திப் பார்த்தேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும். உங்களுக்கு இரவிலை குறட்டை வாறதே ஒழியக் கனவு வாறதில்லை." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மூட்டையைக் கரியரிலிருந்து கழற்றிக் கையில் தூக்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் பாரம் குறைச்சிருக்கிறியள். முதலிலை இறக்கி வைச்சது என்னைத்தான், என்ன?"

கோபத்தோடு சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், உப்பு முடிந்துபோச்சு என்று சொல்கிற மாதிரி.

"நீர் வருவீரெண்டு நான் நினைக்கேல்லை" என்றேன்.

"கேட்டால்தானே தெரியும். நீங்கள் இந்த வீட்டுக்கு வந்து நாலு வருசம். நான் இருபத்தெட்டு வருசம். பிறந்த அறையிலைதான் கலியாணம் கட்டியும் படுக்கிறன். ஒரு நாள், ஒரேயொரு நாள், அந்தப் பூட்டுச் சத்தம் கேளாமல் நித்திரை கொண்டதில்லை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாலு வருசமாக ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டு நான் மட்டும்தான் அடைபட்டுக் கிடக்கிறேன் என்று நினைத்திருக்கிறேன்.

"உம்மை ஏத்திக்கொண்டு போறன். கட்டாயம்" என்றேன்.

"எப்ப?"

"சந்தர்ப்பம் வரேக்கை."

"வந்தால் விட்டிடாதேங்கோ" என்றாள். பிறகு மூட்டையை அவிழ்த்து, என் சவரப் பெட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, கொடியில் கிடந்த தன் நூல்சேலை ஒன்றை மடித்து உள்ளே வைத்தாள். சாரத்தின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். திரும்பக் கட்டிக் கரியரில் இறுக்கியபோது மூட்டை முந்தியதைவிடச் சின்னதாக இருந்தது. அவள் நிறுக்கத் தராசு ஒன்றும் தேடவில்லை.

காலமை கார் வந்தது. மாமி முன் சீற்றில், கனிசியஸுக்குப் பக்கத்தில். பின்னால் நாங்கள். என் மடியில் முட்டைக் கூடை, இரண்டு பாதத்துக்கும் நடுவில் பலகையில் ஏற்றி வைத்த பால் செம்பு, இடக்கையில் வெள்ளி நாகம், வலக்கையில் கற்பூரச் சரைகள். மூக்குக் கடித்தால் சொறிய வழியில்லை. மாமி கேற்றைப் பூட்டித் திறப்பைச் செருகிக்கொண்டு ஏறினார்.

நாவற்குழிப் பாலத்தில் கனகரத்தினத்தைக் கண்டோம். தனியாக, சட்டைக்குள் காற்றுப் புகுந்து புடைக்க, மெதுவாக மிதித்துக்கொண்டு போனான். கரியரில் சின்ன மூட்டை, பாரில் சுரைக்குடுவை. அவன் கையைத் தூக்கினான். எனக்குத் தூக்கக் கை இல்லை. கனிசியஸ் கோர்ண் அடித்து அவனை முந்தினான். அப்போது வந்த எரிச்சலில் அந்தக் கூடையை யன்னலால் எறிந்துவிடலாம் போலிருந்தது.

பத்மா அவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முன்னால் குனிந்து, "அம்மா, இவர் ஒரு விசயம் சொல்ல மறந்துபோனார். கனவிலை நாகதம்பிரான் கோயில் மடத்திலை ஓரிரவு தங்கச் சொன்னவராம். புருசனும் பெண்சாதியும்" என்றாள்.

நான் வாயைப் பிளந்தேன். என்னைவிட நன்றாக அளக்கிறாளே.

மாமி யோசித்தார். "தங்கத்தானே வேணும். அதுக்கென்ன, நானும் நிக்கிறன். ஆனால் நுளம்பு வலை இல்லாமல் எப்பிடி? என்ரை தலையணையும் இல்லை. தம்பி கனிசியஸ், காரைத் திருப்பும்."

கார் திரும்பியது. எதிரே கனகரத்தினம் மறுபடி வந்து, எங்களை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, ஆனையிறவு வெளியை நோக்கிப் போனான்.

வீட்டடியில் மாமி இறங்கிக் கேற்றைத் திறந்தார். "அசையாதையுங்கோ, பாயும் வலையும் எடுத்துக்கொண்டு வாறன்" என்று உள்ளே போனார். கனிசியஸ் சுருட்டு வாங்கச் சந்திக் கடைக்கு நடந்தான். கேற் ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே மாமரத்தோடு சைக்கிள், மூட்டை கட்டியபடி.

பத்மா கதவைத் திறந்து இறங்கினாள். அவசரப்படவில்லை. போய்ச் சைக்கிளின் ஸ்ராண்டைத் தட்டி, உருட்டிக்கொண்டு கேற்றடிக்கு வந்து, ஹாண்டிலை றோட்டுப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே மாமி பெட்டகம் திறக்கிற சத்தம் கேட்டது.

"வாங்கோ" என்றாள் மெதுவாக.

எழும்பத்தான் பார்த்தேன். சீற்றில் கூடையை வைக்கலாமென்றால் அது முன்பக்கம் சரிந்த பழைய சீற், வைத்தால் உருண்டுவிடும். இறங்கி வைப்பதென்றால் நிலத்தில்தான் வைக்கவேண்டும். நேர்த்திப் பொருள். செல்வநாயகியின் மகளுடைய முட்டை எது, யசிந்தா அக்காவுடையது எது என்றுகூட எனக்குத் தெரியும். காலை எடுத்தால் பால் செம்பு சாயும். நாகத்தைப் பல்லில் கவ்விக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். கொஞ்சம் பொறும் என்று அவளுக்குக் கண்ணால் காட்டினேன்.

அவள் பொறுத்தாள். சைக்கிளைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமி பாயும் தலையணையும் வலையுமாக வெளியே வந்தார். "என்ன பிள்ளை, உந்தச் சைக்கிளை ஏன் எடுத்தனி?"

"வெயிலிலை நிண்டது. நிழலுக்கு விடுவமெண்டு" என்றாள் பத்மா. உருட்டிக்கொண்டு போய் மாமரத்தோடு சாத்தினாள். அங்கே முன்பும் நிழல்தான்.

மாமி கேற்றைப் பூட்டினார். அந்தச் சத்தம் பட்டப்பகலிலும் அப்படியேதான் கேட்டது. கனிசியஸ் சுருட்டை அணைத்துவிட்டு ஏறினான். "எல்லாரும் உள்ளைதானே?" என்று மாமி திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"ஓம் மாமி" என்றேன்.

நாவற்குழிப் பாலம் திரும்பவும் வந்தது. கனகரத்தினத்தைக் காணவில்லை. பத்மா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கடல்நீரேரியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாலம் முடிகிற இடத்தில்தான் வாய் திறந்தாள், மாமிக்குக் கேட்காத குரலில்.

"கூடையை நிலத்திலை வைச்சிருக்கலாம்" என்றாள்.