அன்னைக்கு எருமை அங்கே இல்லை

இப்பெல்லாம் எவனும் முகத்துக்கு நேரா நின்னு பேசறதில்லை. சொல்ல வேண்டியதைப் போனில் எழுதிப் போட்டுவிட்டு, எதிரே வந்தால் பல்லைக் காட்டுகிறான். என் மருமகள் மதுமதி அதற்கும் ஒரு படி மேலே போய் எருமையைப் பேச விட்டிருக்கிறாள்.

அவள் எழுதின கதை ஒரு பத்திரிகையில் வந்துவிட்டது. அதில் கதை சொல்வதே எருமைதானாம். பங்காளி எடப்பாடிக் கல்யாணத்துக்குப் போன நேரம் பார்த்து, அவனுடைய முறைத் தண்ணீரை எருமைக்காரப் பெரியவர் தன் மஞ்சள் காட்டுக்குத் திருப்புகிறார். கட்டுத்தறியில் அசைபோட்டுக்கொண்டே எருமை அதைப் பார்க்கிறது.

எனக்கும் என் பங்காளி காளியப்பனுக்கும் கூட்டுக் கிணறு. நாலு நாள் எனக்கு, நாலு நாள் அவனுக்கு. மோட்டாருக்குக் கரண்டு அவன் பேரில்.

காலையில் அவன் அந்தப் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"தங்கசாமியண்ணா, போன தையில நானும் எடப்பாடிக் கல்யாணத்துக்குப் போயிருந்தனுங்க. இது நெசமாயிருந்தா, கூட்டு இத்தோட முடிஞ்சுதுங்க. நான் தனியா போர் போட்டுக்கறேன்."

கூட்டு முறிந்தால் அவன் பேரில் இருக்கிற கரண்டும் போகும். கரண்டு போனால் என் காட்டு மஞ்சளும் போச்சு.

"ஏம்மா மது, ஊட்டுல இருந்துக்கிட்டே ஊட்டுக்குத் தீ வெக்கறயா?"

"அது கதைங்க மாமா. நானாக் கட்டுனது. மனுசன் எருமை கண்ணுக்கு எப்படித் தெரிவான்னு எழுதிப் பார்த்தனுங்க."

"எருமைக்கு என்னைப் பத்தி என்ன தெரியும்? பருத்திக்கொட்டை ஆட்டி வெக்கறது நானு!"

"அதையும் சொல்லுதுங்ணா. பாதி வாளி தவுட்டுத் தண்ணிதான்னு," என்றான் காளியப்பன்.

"எருமை கண்ணால பார்த்ததை மட்டுந்தானுங்க மாமா சொல்லும்," என்றாள் மதுமதி. "பாக்காததைச் சொன்னா கதை கெட்டுப்போயிருமுங்க."

அந்த இடத்தில் பிடித்தேன் அவளை.

"அப்பக் கெட்டுத்தான் போச்சு! அன்னைக்கு எருமை கட்டுத்தறியிலயே இல்ல. சினை ஊசி போட உங்கத்தை சௌந்திரம் மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போயிட்டா. நான் வால்வைத் திருப்பறப்ப அங்க ஒரு காக்கா கூட இல்ல!"

என்ன சொன்னேன் என்று எனக்கே கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது.

காளியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மதுமதி மெதுவாக, "அப்ப எருமையை எடுத்துப்போட்டு, மாமாவே சொல்ற மாதிரி மாத்தீர்றனுங்க. பார்த்தது நீங்க மட்டுந்தானுங்களே," என்றாள்.

"அண்ணா, வாயைத் தொறந்து சொல்லிப்போட்டீங்க. தனி போர் வேண்டாம். இந்தத் தடவை உங்க நாலு நாளும் எனக்கு."

"நான் என்னத்தைச் சொன்னேன்? எருமை இல்லைன்னுதான சொன்னேன்!"

துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தேன். கட்டுத்தறியில் எருமை தலையைத் தூக்கி என்னையே பார்த்தது. பார்க்கட்டும். அது பார்க்கப் பார்க்கவே வால்வைக் காளியப்பன் காட்டுப் பக்கம் திருப்பினேன். இதை எழுதச் சொன்னால் எழுதுவாளா?

எருமை கதை சொல்லுமாம். நான் வரப்பில் இறங்கிப் போய்விட்டேன்.