முன்பக்கத்துக் கைப்பிடி

கப்பல் நார்வேயின் பெர்கன் துறையில் வந்து ஒட்டும்போதே மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஹால்வர் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார். வடக்கே ஒரு சின்னத் தீவுதான் அவருக்கு ஊர். மீன் பிடித்தே மூப்படைந்த மனுஷன். மகன் யூஸ்டைன் இந்த ஊருக்குக் குடிவந்து எத்தனையோ வருஷமாகியும், அவர் இங்கே காலடி வைப்பது இதுதான் முதல் தடவை. மறுநாள் காலை யூஸ்டைனுக்கு அடக்கம். வேலை செய்த இடத்தில் தலைவலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

கிழவரின் மனசில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மகனுடைய சவப்பெட்டியின் முன்பக்கத்துக் கைப்பிடியைத் தன் கையால் பிடித்துத் தூக்கிப் போக வேண்டும். பெட்டிக்கு ஆறு கைப்பிடி, ஆறு பேர். முன்னால் நிற்பது ரொம்பவும் நெருங்கிய உறவு. அவருடைய அப்பாவை அப்படித்தான் தூக்கினார், மனைவியையும் அப்படித்தான். ஆனால் அதை வாய்விட்டுக் கேட்பதென்றால் அந்த நாட்டு ஜனங்களுக்குத் தொண்டையில் முள் சிக்கினாற்போல. கேட்டால் எதிராளிக்குச் சங்கடமாகிவிடுமே. அவர்களாகக் கூப்பிடட்டும் என்று இருந்துவிடுவார்கள்.

யூஸ்டைனோடு வாழ்ந்த பெண் ராங்னி துறையில் காத்திருந்தாள். மழையங்கியின் முக்காட்டுக்குள் அவள் முகம் வெளுத்துக் கிடந்தது. ஃபோனில் பேசியிருக்கிறார்களே தவிர, நேரில் பார்ப்பது இப்போதுதான். கை குலுக்கினார்கள். அதற்குமேல் என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வீட்டுக்குப் போனால் வாசலிலேயே அவனுடைய சட்டை தொங்கும், அவனுடைய செருப்பு கிடக்கும்.

"ஊரைக் கொஞ்சம் சுத்திப் பாக்கலாமா, ஹால்வர்?"

"உனக்குச் சிரமமில்லன்னா பாக்கலாம்மா."

"எனக்கென்ன சிரமம். நனையறதுதான்."

"நான் நனைஞ்சே வளந்தவன்."

துறையோரத்து மரவீடுகள் சிவப்பும் மஞ்சளுமாக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. "குடிச்சுட்டு வீட்டுக்குப் போற கூட்டாளிங்க மாதிரி நிக்குது" என்றார் கிழவர். ராங்னி சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு வெட்கப்பட்டு உடனே குனிந்துகொண்டாள்.

மீன் கடையில் விற்கிறவன் ஒரு துண்டு சால்மனைக் குச்சியில் குத்தி நீட்டினான். "ருசி பாருங்க பெரியவரே. இன்னிக்குப் பிடிச்சது."

கிழவர் பனிக்கட்டிமேல் கிடந்த மீனின் கண்ணைக் குனிந்து பார்த்தார். "இன்னிக்கா? இது எனக்கு முன்னாலயே ஓய்வூதியம் வாங்க ஆரம்பிச்சிருக்கும்போலயே."

"வடக்கத்திக்காரரா? அதான பாத்தேன்" என்றான் அவன். "உங்க ஊரு மீனெல்லாம் தானே நடந்து அடுப்பேறிடுமாமே."

"ஏறும். வழி கேக்காது."

கடைக்காரனோடு இத்தனை சுலபமாய் வந்த பேச்சு, இரண்டடி நடந்ததும் வற்றிப்போயிற்று. 'இப்போது சொல்லுவாள்' என்று அவர் பார்த்தார். 'இப்போது கேட்பார்' என்று அவள் பார்த்தாள். போன வாரம் ஃபோனிலும் இதே கதைதான். "தூக்கறதுக்கு ஆள் ஏற்பாடு பண்ணணும்" என்று சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள். "நீ எப்படிச் செய்றியோ அப்படிம்மா" என்று சொல்லிவிட்டு அவரும் காத்திருந்தார். கடைசியில் இருவருமே ஃபோனை வைத்துவிட்டார்கள்.

மலைக்கு ஏறும் ரயிலில் மேலே போனார்கள். மேகம் மலைமேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. ஊரும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இருவரும் அந்த வெள்ளையைப் பார்த்தார்கள்.

"நல்ல நாள்ல இங்கேருந்து எங்க வீடு தெரியும்" என்றாள்.

"பரவால்ல. அங்க இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்."

அவள் கம்பியில் வழிந்த நீரைக் கையால் வழித்தாள். "நாளைக்குத் தூக்கறதுக்கு ஆள் சொல்லியாச்சு, ஹால்வர்."

"ஆறு பேருமா?"

"ஆறு பேரும். அவன்கூடப் படகோட்டற பசங்க நாலு பேரு, அவன் வேலையிடத்துல ஒருத்தர், அப்புறம் நான். நீங்க ஒண்ணும் சொல்லல. உங்களுக்குத் தோள்ல ஆபரேஷன் ஆயிருக்குன்னு அவன் சொல்லியிருந்தான். உங்களைக் கேட்டா, முடியலன்னாலும் முடியும்னு சொல்லிடுவீங்களோன்னு…"

தன் தோளைப் பற்றியெல்லாம் அவன் இவளிடம் பேசியிருக்கிறான். அதுவே கிழவருக்குப் புதுசு.

"நல்ல காரியம் பண்ணே. வயசுப் பசங்கதான் சரி. நான் பின்னால நடந்து வர்றேன்" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். அந்தச் சீமையில் பேச்சு அதோடு முடிந்துவிடும். முடிந்தும்தான் போயிற்று.

இறங்கும் ரயிலில், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். கண்ணாடியில் மழை கோடு கோடாக வழிந்தது.

"வசதிப்படறப்ப வாங்கப்பான்னு சொல்வான்" என்றார் கிழவர், யாரிடமோ சொல்வதுபோல. "என்னிக்குன்னு அவன் ஒரு நாள் சொல்லட்டும்னு இருந்தேன்."

ராங்னி அவர் பக்கம் திரும்பவில்லை. "நீங்க நாள் சொல்வீங்கன்னு அவன் இருந்தான். கோடை வந்தா அந்தச் சின்ன ரூமைப் பெருக்கி, படுக்கை விரிச்சு வைப்பான். குளிர் வந்தா எடுத்து மடிப்பான்."

"எங்கிட்ட சொல்லலியே."

"சொன்னா உங்களை நெருக்கற மாதிரி ஆயிடுமாம்."

வருஷா வருஷம் விரித்து மடித்த அந்தப் படுக்கை அவர் கண்ணுக்குள் வந்து நின்றது. வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தபோது குரல் அவருக்கே அந்நியமாய்க் கேட்டது.

"நான் தூக்கணும்மா. என் பையனை நான் தூக்கணும்."

இப்படி நேருக்கு நேராய் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டது அவர் ஆயுளில் இதுதான் முதல் தடவை என்றுகூடச் சொல்லலாம்.

ராங்னி யோசித்தாள். படகுக்காரப் பசங்களில் ஒருவன் வெளியூர் வேலையை விட்டுவிட்டு இதற்காகவே வந்திருக்கிறான். இன்னொருவனுக்கு யூஸ்டைன்தான் நீச்சல் பழக்கினான். வேலையிடத்துக்காரரோ, அவன் சாய்ந்தபோது தாங்கிப் பிடித்தவர். இவர்களில் யாரிடம் போய் நீ விலகு என்பது?

"என் இடத்தை எடுத்துக்குங்க" என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"முன்பக்கம். இடது கை."

'ஐயோ, வேண்டாம்மா, அது உன் இடமாச்சே' என்று ஹால்வர் சொல்ல வேண்டிய நேரம் அது. வழக்கமும் அதுதான். அவள் அதற்குக் காத்திருக்கிறாள் என்பதும் அவருக்குத் தெரிந்தது. முழங்கால்மேல் இறுக்கிக் கோத்திருந்த அவளுடைய விரல்களைப் பார்த்தார். சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

"நன்றிம்மா" என்றார்.

"ம்" என்றாள் அவள்.

ரயில் அடிவாரத்தில் நின்றது. ராங்னி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முதலில் இறங்கினாள். மழை கொஞ்சமும் குறையவில்லை. அவர் அவளுக்குப் பின்னால், அவளை எட்டிப் பிடிக்காமல் நடந்தார். நாளைக்கு அவள் அவருக்குப் பின்னால், வெறுங்கையோடு, அப்படித்தான் நடந்து வரவேண்டியிருக்கும்.