மூன்றாம் பலகை நெளிகிறது

"நெளியுதும்மா," என்றார் நெவில்.

ஹெஸ்டருக்கு முதலில் காதில் சரியாக விழவில்லை. விழுந்தபின் நம்ப முடியவில்லை. அவள் செய்த பலகையை யாரும் அப்படிச் சொன்னதில்லை. இந்த ஊரில் பாதி வீட்டுச் சமையலறை அலமாரிகள் அவள் பொருத்தியவை. கதவு ஒட்டுகிறது, தட்டு தொங்குகிறது என்று ஒருத்தர் திரும்பிக் கூப்பிட்டது கிடையாது. அவளிடம் போய், பலகை நெளிகிறதாம்.

நெவில் சொன்ன கோலத்தையும் பார்க்க வேண்டும். முழங்காலை மடக்கி, கன்னத்தைப் பலகையின் மேலேயே வைத்து, இடது கண்ணை இறுக மூடி, வலது கண்ணால் தண்டவாளத்தின் நீளத்துக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். தண்டவாளம் போடுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் பார்ப்பார்கள். மேலே நின்று பார்த்தால் எல்லாம் நேராகத்தான் தெரியும். ரயிலோட்டி பார்க்கிற உயரத்துக்குக் கண்ணை இறக்கினால்தான் கோணல் அகப்படும். எங்கள் சங்கத்தில் அந்தக் கண் நெவிலுக்கு இருந்ததுபோல் வேறு யாருக்கும் இருந்ததில்லை.

மாதிரி ரயில் சங்கம் என்பது எங்கள் பெயர். பொம்மை ரயில் என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் செயலாளர் ரோலண்டுக்கு முகம் சிவந்துவிடும். செவ்வாய்க்கிழமைகளில் தேவாலயத்துப் பின்கூடத்தில் கூடுவோம். ஈஸ்டருக்கு ஸ்கிப்டனில் கண்காட்சி. அதற்காகப் பள்ளத்தாக்கு ரயில் நிலையம் ஒன்றை ஆறு பலகைகளில் கட்டிக்கொண்டிருந்தோம். மரவேலை ஹெஸ்டர், தண்டவாளம் நெவில், தேநீரும் சமாதானமும் ரோலண்ட். முதல் இரண்டு பலகைகள் இலையுதிர் காலத்திலேயே முடிந்து, சின்ன ஜல்லி தூவி, பசை ஊற்றி இறுகியாயிற்று. இது மூன்றாவது.

"எங்க நெளியுது?" என்று ஹெஸ்டர் கேட்டாள்.

"நட்ட நடுவுல. இந்தக் கூடத்துல ஈரம் ஜாஸ்தி. மரம் தண்ணி குடிச்சிருக்கு."

"அடியில ரெண்டு கை வார்னிஷ் அடிச்சிருக்கேன் நெவில். குறுக்கால அஞ்சு சட்டம் கொடுத்திருக்கேன். மேல யானை நின்னாலும் அசையாது."

"யானையை யாரு கூப்பிட்டா? தண்டவாளம் நெளியுதுன்னுதான் சொல்றேன்."

அவள் நேர் பார்க்கிற தன் இரும்புப் பட்டையைக் கொண்டுவந்து பலகையின் மேல் நிறுத்திக் காட்டினாள். அடியில் ஒரு காகிதம்கூட நுழையவில்லை. நெவில் அதைப் பார்த்தார். தலையை ஆட்டினார். அப்புறம் தன் பாட்டுக்கு ஆணிகளைப் பிடுங்கி, தண்டவாளத்தை விரலால் இப்படியும் அப்படியும் தள்ளி, மறுபடி கன்னத்தை வைத்து, திருப்தியாகும் வரை நகர்த்தி ஆணி அடித்தார். "இப்பதான் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் ஹெஸ்டர் நீளமான ரயில் பெட்டிகள் நான்கைக் கோத்து மூன்றாம் பலகையில் தள்ளிவிட்டாள். நடுவில் வந்ததும் முதல் பெட்டி தடம் புரண்டது, மற்றவை அதன் பின்னாலேயே சாய்ந்தன. இரும்புப் பட்டையைத் தண்டவாளத்தோடு சேர்த்து வைத்தாள். பட்டை நேராக இருந்தது. நெவில் போட்ட தடம் நடுவில் வயிறு தள்ளியிருந்தது.

ரோலண்ட் இரண்டு கையிலும் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். "அவர்கிட்ட சொல்லணுமா?" என்றார். கேட்ட தொனியிலேயே வேண்டாம் என்று இருந்தது.

"நீங்க சொல்லுங்களேன், செயலாளர் நீங்கதானே."

"நானா? எப்படிம்மா? சம்சாரம் ஐரீன் போனதுக்கப்புறம் அவருக்கு இருக்கறது இது ஒண்ணுதான். வயசும் எழுபத்தொண்ணு ஆச்சு. ஏதோ ஒரு நாள் கை தப்பிருக்கும். விடு. இஞ்சி பிஸ்கட் இருக்கு, எடுத்துக்கோ."

அவள் எடுத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் முக்கால்வாசிக் காரியம் இப்படித்தான் முடியும். சொல்ல வேண்டியது தொண்டைவரை வரும், மேலே ஒரு மடக்குத் தேநீரை ஊற்றி உள்ளே அனுப்பிவிடுவோம். இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மரியாதை.

சனிக்கிழமை காலையில் ஹெஸ்டர் கூடத்துச் சாவி வாங்கிப் போய், நெவில் அடித்த ஆணிகளைப் பிடுங்கி, இரும்புப் பட்டையை அணைத்து வைத்து, தடத்தை நேராக்கி அடித்துவிட்டு வந்தாள். அவரை அவமானப்படுத்தாமல் வேலையும் முடிந்தது என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வழியில் பன்றி இறைச்சி வைத்த ரொட்டி ஒன்று வாங்கித் தின்றுகொண்டே வண்டியோட்டிப் போனாள்.

அடுத்த செவ்வாய் நெவில் வந்தார். தடத்தில் ரயிலை ஓட்டிப் பார்த்தார். ஒரு குலுக்கல் இல்லாமல் ஓடியது. குனிந்து கன்னத்தை வைத்தார்.

"பாத்தியா? போன வாரம் அம்பு மாதிரி போட்டுட்டுப் போனேன். மறுபடி நெளிஞ்சு கெடக்கு."

"வண்டி ஓடுதே, நெவில்."

"ஓடினா போதுமா? கண்காட்சிக்கு வர்றவன் குனிஞ்சு பாத்துச் சிரிப்பான். உன் மரம் உயிரோட இருக்கு ஹெஸ்டர், நாம போனப்புறம் எழுந்து சோம்பல் முறிக்குது."

பிடுங்கினார். நகர்த்தினார். அடித்தார். சனிக்கிழமை அவள் பிடுங்கினாள், நேராக்கினாள், அடித்தாள். குளிர்காலம் முழுக்க இதுவே பிழைப்பாகப் போயிற்று. நான்காம் பலகையும் நெளிகிறது என்றார். அதற்கும் சனிக்கிழமை வைத்தியம் நடந்தது. அடித்து அடித்துத் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த குறுக்குக்கட்டைகளில் ஓட்டைகள் சல்லடையாகிவிட்டன, ஆணி பிடிக்க இடமில்லை. ரோலண்டுக்கு எல்லாம் தெரியும். மற்றவர்களுக்கும் பாதி தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

கண்காட்சிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது நெவில் அடிமடியிலேயே கை வைத்தார். மூன்றையும் நான்கையும் தூக்கிப் போட்டுவிட்டு, கீத்லியில் தனக்குத் தெரிந்த ஒரு தச்சனிடம் புதிதாகச் செய்து வாங்கலாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். "ஹெஸ்டர் மேல தப்பில்ல," என்றும் சேர்த்துக்கொண்டார். "அலமாரி வேற, இது வேற."

ஹெஸ்டருக்கு உச்சந்தலை வரை சுள்ளென்று ஏறியது. யாருக்காக வாரா வாரம் சனிக்கிழமையைத் தொலைத்தாளோ அந்த மனிதர், அவள் தொழிலையே பிடித்துச் சந்தியில் நிறுத்திவிட்டார். போதும் மரியாதை என்று நினைத்தாள்.

மறு செவ்வாய் அவள் தன் வண்டியிலிருந்து ஒரு கருங்கல் பலகையை இரண்டு பேரை விட்டு இறக்கச் செய்தாள். பணக்கார வீடொன்றின் சமையல் மேடைக்கு அறுத்தபோது மிஞ்சிய துண்டு. முகம் பார்க்கலாம், அப்படி ஒரு வழவழப்பு. அதன் மேல் ஒரு கஜம் தண்டவாளத்தை இரும்புப் பட்டையோடு ஒட்டி நிறுத்தி, இரண்டு முனையிலும் பிசின் நாடாவால் கட்டி வைத்திருந்தாள்.

"இது மரமில்ல, நெவில். கல்லு. இது தண்ணி குடிக்காது, சோம்பல் முறிக்காது. இதைப் பாத்துச் சொல்லுங்க."

கூடத்தில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ரோலண்ட் மட்டும் தேநீர்க் கொதிகலத்தின் பக்கம் நகர்ந்தார். நெவில் சிரித்துக்கொண்டே குனிந்தார். கன்னத்தைக் கல்லில் வைத்தார். "அப்பா, என்ன சில்லுனு இருக்கு," என்றார். இடது கண்ணை மூடினார்.

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். சிரிப்பு எப்போது நின்றது என்று ஹெஸ்டர் கவனிக்கவில்லை.

"நெளியுது," என்றார்.

பிடிவாதத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று கத்தத்தான் ஹெஸ்டர் வாயெடுத்தாள். ஆனால் நிமிர்ந்த முகத்தில் பிடிவாதம் இல்லை. அவர் கல்லைத் தடவினார், இரும்புப் பட்டையைத் தடவினார். மறுபடி குனிந்து, இந்த முறை வலது கண்ணை மூடினார். அவர் அந்தக் கண்ணை மூடி யாரும் பார்த்ததில்லை, ஏதோ தெரியாத வேலையைச் செய்கிறவர்போல முகமெல்லாம் கோணியது.

"இப்ப நேரா இருக்கு," என்றார், மெதுவாக.

ஜெயிக்க வந்த ஹெஸ்டர் ஜெயித்துவிட்டாள். அந்தக் கல்லை வண்டியோடு எங்கேயாவது தொலைத்துவிட்டு வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

"ரெண்டு கண்ணையும் தொறந்தா கோணல் ஒண்ணும் தெரியலயே," என்று நெவில் பொதுவாகச் சொன்னார். "பத்திரிகை படிக்கிறேன். கார் ஓட்டுறேன்." ரோலண்ட் தேநீரோடு வந்தார். அதை வாங்க ஒருவரும் கை நீட்டவில்லை.

மறுநாள் காலையிலேயே ஹெஸ்டர் அவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு பெரிய ஊர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அவர் சொன்னதை அவள் காதிலேயே வாங்கவில்லை. டாக்டரம்மா சின்ன வயசு, பேச்சில் பூசி மெழுகல் கிடையாது. கண்ணின் பின்திரையில் ரத்தம் கசிகிறது, ஊசி போட்டு நிறுத்தலாம், போன பார்வை போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றாள்.

"நேர்க்கோடு எப்பலேருந்து உங்களுக்கு நெளிஞ்சு தெரியுது?"

"புது வருஷம் பொறந்ததுலேருந்து."

"அப்பவே வந்திருந்தா நெறைய மிஞ்சியிருக்குமே," என்று சொல்லி அவள் எழுதத் தொடங்கினாள்.

திரும்பும் வழியில் நெவில் ஊசி போட்ட கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஊர் எல்லை வரும்வரை ஹெஸ்டர் பொறுத்தாள். அப்புறம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, சனிக்கிழமைச் சங்கதி முழுவதையும் சொன்னாள். பெட்டிகள் கவிழ்ந்தது, ஆணி பிடுங்கியது, இரும்புப் பட்டை, சாவி, எல்லாம்.

நெவில் கேட்டு முடித்தார். "அப்ப நான் போட்டது கோணலாத்தான் இருந்துச்சு," என்றார்.

"ஆமா."

"வண்டி கவுந்துச்சு."

"ஒவ்வொரு தடவையும்."

"அது ஒரு தடவை என் கண்ணு முன்னால கவுந்திருந்தா, ஹெஸ்டர்..." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "நான் நேராப் போட்ட தடத்துல உடனேயே வண்டி கவுந்தா, நான் மரத்தைக் குத்தம் சொல்ல மாட்டேன். கண்ணைத்தான் சொல்லியிருப்பேன். அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

ஹெஸ்டருக்கு அது இதுவரை தோன்றவே இல்லை.

"உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்," என்றாள். அழுகை வந்துவிட்டது. அவள் லேசில் அழுகிறவள் அல்ல.

"மனசு நல்லாத்தான் இருக்கு. கண்ணுதான் போச்சு."

மழை கண்ணாடியில் ஓடிக்கொண்டிருந்தது. அவர்தான் மறுபடி பேசினார், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எங்க குளிக்கிற அறைச் சுவத்துல ஓடு பதிச்சிருக்கான் பாரு, சவரம் பண்றப்ப இடது கண்ணுல சோப்பு போனா அதுவும் நெளியும். பதிச்சவன் சரியில்லன்னு அவனைத் திட்டினேன். முப்பது வருஷமா நேரா இருந்த ஓடு. தெரிஞ்சுக்கணும்னு இருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கலாம்." கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். "நல்ல மரத்தைப் போய் திட்டிட்டேன். வண்டியை எடு, குளிருது."

மூன்று வாரம் அவர் சங்கத்துக்கு வரவில்லை. இனி வரமாட்டார் என்றுதான் ஹெஸ்டர் பயந்தாள். அவர் வீட்டு வாசல் வரை போய் இரண்டு முறை மணியடிக்காமல் திரும்பினாள். யாராலும் மூன்றாம் பலகையில் கைவைக்க முடியவில்லை, கண்காட்சி நெருங்கிவிட்டது.

நான்காவது செவ்வாய் பேருந்தில் வந்து இறங்கினார். கூடமே எழுந்து ஓடியது. ஒருவர் நாற்காலி போட்டார், ஒருவர் கோட்டை வாங்கினார். நெவில் புதுத் தண்டவாளம் ஒன்றை எடுத்து மூன்றாம் பலகையில் வைத்தார். இடது கண் இன்னும் அந்த வேலைக்குப் பழகவில்லை, தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்றே தடுமாறினார். விரல்கள் மட்டும் பழைய விரல்கள். நான்கு ஆணி அடித்தார். அடித்து முடிக்கும் முன்பே ரோலண்ட், "அற்புதம், நெவில். நூல் பிடிச்ச மாதிரி இருக்கு," என்றார். சுற்றி நின்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

நெவில் அவர்களைப் பார்க்கவில்லை. "ஹெஸ்டர், நீ குனிஞ்சு பாரு," என்றார்.

அவள் மண்டியிட்டுக் கன்னத்தைத் தன் மரத்தின் மேல் வைத்தாள். ஒரு கண்ணை மூடினாள். தடம் நடுவில் ஒரு இழை வெளியே போயிருந்தது. தலையைத் தூக்கியபோது, நெவிலின் தோளுக்குப் பின்னாலிருந்து ரோலண்ட் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சுவதுபோல் தலையசைத்தார். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கோணல், நெவில்."

நெவில் குறட்டைக் கையில் எடுத்தார்.

"எந்தப் பக்கம்?"

"உங்க பக்கம். ஒரு இழை."

அவர் நடு ஆணிகள் இரண்டைப் பிடுங்கினார், கட்டைவிரலால் தண்டவாளத்தைத் தள்ளினார். "இப்ப?"

"இன்னும் கோணல்தான்."

"சரி," என்றார் நெவில். அவர் தோள்கள் கொஞ்சம் இறங்கித் தளர்ந்தன. "சொல்லிக்கிட்டே இரு," என்று மறுபடி தள்ளினார்.