கதவைத் திற, மாமியாரே!

“திறக்க முடியாதுங்க.”

கதவு பேசியது. அந்தத் தெருவில் கூரையோடு மிஞ்சியிருந்த ஒரே வீடு அது. வாசலில் நின்ற லிஃப்ட் மெக்கானிக் அண்ணாந்து பார்த்தான். தார் பூசினாற்போல் மேகம் திரண்டுகொண்டிருந்தது. அணுகுண்டு விழுந்த மறுநாள் பெய்த கருப்பு மழையில் நனைந்தவர்கள் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அடுத்த மழை கொட்டுவதற்குள் உள்ளே போயாக வேண்டும்.

“நான் இந்த வீட்டு ஐயாவோட தம்பி. குரல் தெரியலையா?”

“நல்லாத் தெரியுது. அதனாலதான் திறக்கல. கொழுந்தனை உள்ளே விடக் கூடாதுன்னு அம்மா உத்தரவு. நீங்களும்தான் சொன்னீங்க, ‘இனி இந்த வாசப்படியை மிதிச்சா என்னைச் செருப்பால அடி’ன்னு.”

அடுப்பு மூட்டுவதிலிருந்து விளக்கணைப்பது வரை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டு, எல்லோரையும் அதட்டவும் செய்த இந்த வீட்டுக்கு அண்ணன் வைத்த பட்டப்பெயர் ‘மாமியார்’. சும்மாவா வைத்தான்!

“அண்ணியே இல்ல இப்போ! அண்ணன், பிள்ளைங்க, எல்லாரும் போயிட்டாங்க. அன்னிக்கு டவுனுக்குப் போன யாருமே திரும்பல. புரியுதா?”

“அம்மா துணி எடுக்கப் போயிருக்காங்க. வந்ததும் கேட்டுச் சொல்றேன்.”

கதவை ஓங்கி உதைத்தான். கால்தான் வலித்தது. மதில் மறைவில் காத்திருந்த மனைவியிடம் ஓடினான். அவள் தையல்காரி. அவளைக் கைப்பிடித்ததில்தான் அண்ணிக்கும் அவனுக்கும் முட்டிக்கொண்டது. அதனால் இந்த வீடு அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை.

“குப்பை கொட்ட ஆள் கிடைக்கலன்னு உங்க அண்ணி புலம்பினாங்கன்னு சொன்னீங்கல்ல? நான் வேலை கேட்டுப் போறேன்.”

“மருமகளா விடாத வீட்டுக்கு வேலைக்காரியாவா?”

“ரோஷமெல்லாம் காய்ஞ்ச தலையோட உள்ளே உக்காந்து படுவோம். நீங்க பின்பக்கமா வாங்க.”

அவள் வாசலில் போய் நின்றாள். வீடு சாவகாசமாக ஆரம்பித்தது.

“இதுக்கு முன்னாடி எங்கே வேலை?”

“தையல் கடையில.”

“ஏன் விட்டீங்க?”

“கடையே இல்லீங்க.”

இடி உறுமியது.

“தேடிக்கிட்டு யாராவது வருவாங்களா? புருஷன், அண்ணன், தம்பின்னு?”

“யாருமில்ல.”

கதவு திறந்தது. அவள் நுழைந்ததும் சாத்திக்கொண்டது.

சமையலறையில் குடலைப் பிடுங்கும் நாற்றம். வராத நான்கு பேருக்கு வேளாவேளைக்குச் சமைத்து, தொடாத தட்டுகளை வீடே குப்பைத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தது. இடுப்புயரத் தொட்டி, அடியில் சக்கரம், வழிய வழியக் குப்பை.

“முதல்ல அதைக் கொட்டிட்டு வாங்க. எப்படிப் பண்றீங்கன்னு பார்க்கிறேன்.”

பின்கதவு திறந்தது. அதன் நெற்றியிலிருந்த கேமரா அவள் முதுகையே பார்த்தது. மதில் மூலையில் இருந்த குப்பைக்குழிவரை அதற்கு எட்டாது. அங்கேதான் அவன் பதுங்கியிருந்தான். தொட்டியைக் கவிழ்த்துவிட்டு நிமிர்த்தினாள்.

“ஏறுங்க.”

“இதுலயா?”

“மாப்பிள்ளைக்குக் காரா அனுப்புவாங்க? ஏறுங்கன்னா!”

முதல் துளி மதிலில் விழுந்தது. மை போல் வழிந்தது. அவன் குதித்து உள்ளே சுருண்டான். மூடியைச் சாத்தித் தள்ளிக்கொண்டு ஓடினாள். சக்கரம் வாசலில் ஏறியது.

“நில்லுங்க.”

நின்றாள். துளிகள் நெருங்கி விழத் தொடங்கின.

“காலித் தொட்டிக்கு இவ்வளவு கனமா?”

“கழுவி விட்டேங்க. அடியில தண்ணி நிக்குது.”

“நான் கழுவச் சொல்லலையே?”

“நாத்தம் தாங்கலங்க. சொன்னாத்தான் செய்யணுமா?”

வீடு யோசித்தது. அவள் குதிகாலுக்குப் பின்னால் தரை கருத்துக்கொண்டே வந்தது.

“இப்படி ஒருத்திதான் வேணும்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. உள்ளே வாங்க.”

கதவு சாத்திக்கொண்ட நொடி கூரையில் மழை சடசடவென்று இறங்கியது. தலைக்கு மேலே, மூலைக்கொரு கேமரா. மூடியைத் திறந்தால் தொலைந்தது.

“உக்காருங்க,” என்றது வீடு. குரல் குழைந்திருந்தது. “நாலு தட்டு வெச்சிருக்கேன். அவங்க வர நேரமாகும்போல. சின்னவன் சித்தப்பா எங்கேன்னு தினம் கேட்பான், அவனைத் தூங்க வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். நீங்க ஒரு தட்டை எடுத்துக்கோங்க.”

தொட்டிக்குள்ளிருந்து ஒரு விம்மல் கேட்டது.

“யாரு அழறது?”

அந்தப் பிள்ளைகளை அவள் கண்ணால்கூடக் கண்டதில்லை. தட்டின் முன் பொத்தென்று உட்கார்ந்தாள். தொட்டிக்குள் எழுந்த அடுத்த விம்மல் வெளியே கேட்காதபடி, வாய்விட்டு, வீடே அதிர அழத் தொடங்கினாள்.

“நான்தாங்க… நான்தான்!”