வீடியோவில் தப்பு செய்தவன்

சுரங்கத்துக்கு வரும் புது ஆட்களுக்குக் காட்ட அந்தப் பாழாய்ப்போன பாதுகாப்பு வீடியோவை எடுத்தார்கள். ஹெல்மெட் இல்லாமல் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் நுழைகிற ஆளாகத் தனகோட்டி நடித்தான். "நீதாம்பா பதனமா செய்வ, வேற யாரையும் நம்ப முடியாது" என்று சூப்பர்வைசர் கெஞ்சியதால் ஒத்துக்கொண்டான். ஒழுங்கான ஆளாக நடித்தவன் அருண்ராஜ். அவனிடம் ஹெல்மெட் இல்லை. தனகோட்டியுடையதை வாங்கி மாட்டிக்கொண்டான்.

அதோடு தனகோட்டியின் நிம்மதி போனது. கேண்டீனில் புதுப் பையன்கள் அவனைக் காட்டிச் சிரித்தார்கள். வடலூர் பஸ்ஸில்கூட ஒருத்தன், "தப்பு பண்றவரு நீங்கதானே அண்ணே?" என்று கேட்டான்.

இன்றைக்குப் புது அதிகாரி கூப்பிட்டு, "உன்னைப் பெல்ட் வேலையிலேர்ந்து எடுத்துட்டேன்" என்றார்.

"சார், அது நடிப்புங்க."

"பழக்கம் இல்லாம அவ்வளவு இயல்பா வருமா? உன் இடத்துக்கு அருண்ராஜைப் போட்டிருக்கேன். வீடியோல பாத்தேன், பொறுப்பான பையன்."

தனகோட்டி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வெளியே வந்தால், வெறுந்தலையோடு அருண்ராஜ் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, பெல்ட்டுக்குப் போவச் சொல்லிட்டாங்க. உங்க ஹெல்மெட்டக் கொஞ்சம் குடுங்க."